கொழுப்பு கோட்டைக்கு, சதை சேரிக்கு

ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்க! இறக்கவும் வேண்டாம், உறையில் போடவும் வேண்டாம்.

குதிரையை விட்டு இறங்க நேரமில்லாமல் கொலைக்களத்துக்குள்ளேயே ஓட்டி வந்து, இந்த ஓலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தொண்டை கிழிய முதல் வரியைக் கூவியவள் அரண்மனை மருத்துவச்சி கொற்றி. இரண்டு பகலாக அவள் சேணத்தை விட்டு இறங்கவில்லை. இதை அவள் வாசித்து முடிக்கும்வரை கருங்கணவாயில் ஒரு தலையும் விழக்கூடாது. ஒரு கதவும் திறக்கக்கூடாது. அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள். நஞ்சு கலந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கிணற்றுத் தண்ணீரே போதும். அவள் பயப்படமாட்டாள்.

இனி முறைப்படி.

ஏழ்குன்ற நாடு நிலைபெறுக. ஏழு குன்றிலும் பருவமழை தவறாதிருக்க. கருங்கணவாய்க் கோட்டையின் மதிலில் ஒரு கல்லும் அசையாதிருக்க. அந்த மதிலைத் தோளில் சுமப்பவர் போல இரவும் பகலும் காத்து நிற்கும் வீரர்களின் கால்கள், இழந்த வலுவை மீண்டும் பெறுக.

ஏழ்குன்ற நாட்டுப் பேரமைச்சரும், அரச முத்திரையின் காவலரும், மூன்று தலைமுறை வேந்தர்க்கு ஓலை எழுதிய குடியில் வந்தவருமான நற்சேந்தர் எழுதுவிக்கும் ஓலை. கோட்டைத் தலைவர் மழவரையர் காண்க. துணைத்தலைவர் ஆதன் காண்க. பண்டாரக் காவலர் காண்க. கவண்பொறிகளைக் காக்கும் எந்திரத் தச்சர் காண்க. இந்த நால்வரும் முன்வரிசையில் ஒருவரை ஒருவர் மறைக்காமல் இருந்து கேட்க. படையினர் அனைவரும் பின்னால் கேட்க. கைகட்டி மண்டியிட வைக்கப்பட்டிருக்கும் பதினொரு ஏனத்தாரும் தலைநிமிர்ந்து கேட்க. இது அவர்கள் உயிரைப் பற்றிய ஓலை.

அரச ஓலையைக் குந்தியிருந்து கேட்பதும், வேந்தர் திருப்பெயர் ஒலித்ததும் இரு கையையும் தலைமேல் கூப்பி எழுவதும் இந்நாட்டு வழக்கம். திருப்பெயர் ஓலையின் தலைப்பிலேயே வருவதும் வழக்கம். இன்று அது தலைப்பில் வராது. நோயுற்ற கால்களை எடுத்த எடுப்பிலேயே வருத்த வேண்டாம் என்று வேந்தர் கருணை கொண்டார். பெயர் வர வேண்டிய இடத்தில் வரும். அப்போது இயலாதவர் இருந்தபடியே கைகூப்புக. அது குற்றமாகாது.

மழவரையரே, சென்ற மாதம் நீர் எழுதிய ஓலையைப் பேரமைச்சர் மூன்று முறை படித்தார். தொள்ளாயிரம் பேர் காத்த கோட்டையில் நூற்று நாற்பது பேரைப் புதைத்துவிட்டதாக எழுதியிருந்தீர். முதலில் பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடக்கிறார்கள் என்றீர். பிறகு சிலருக்குக் கால் வாழைத்தண்டாக வீங்குகிறது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. சிலருக்கோ வீக்கமே இல்லாமல் வற்றிக் குச்சியாகிறது. கடைசியில் எல்லோருக்கும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது என்றீர். உமக்கும், முன்வரிசையில் இருக்கும் மற்ற மூவருக்கும் அதே நோய் கண்டு, காலில் துணி சுற்றி, ஊன்றுகோலோடு நடமாடுவதாகவும் எழுதினீர். முடிவாக, இது நோயல்ல, கிணற்றில் வைத்த நஞ்சு. வைத்தவர்கள், மதிலுக்கு வெளியே கிழக்குச் சரிவில் பன்றி வளர்த்து வாழும் ஏனத்தார். அதே கிணற்று நீரைக் குடித்தும் அவர்கள் சேரியில் ஒருவருக்கும் கால் வீங்கவில்லை, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டிருந்தீர்.

நல்ல கேள்வி. விடை தேடத்தான் கொற்றியை அனுப்பினார் பேரமைச்சர். அதே நாளில் ஒற்றன் ஒருவன் வேறொரு செய்தியும் கொண்டுவந்திருந்தான். கணவாய்க்கு அப்பால் வடகரை நாட்டான் பெரும்படை சேர்க்கிறான். வருகிற பௌர்ணமிக்கு நாள் குறித்திருக்கிறான். யானை உண்டு, குதிரை உண்டு, சமையல் வண்டிகூட உண்டு. ஏணி மட்டும் ஒன்றுகூட இல்லை. மதிலேறிக் கோட்டை பிடிக்க வருகிறவன் ஏணியை மறந்துவிட்டு வருவானா? அல்லது தனக்கு ஏணி தேவைப்படாது என்று யாராவது அவனுக்கு உறுதி சொல்லியிருக்கிறார்களா?

கொற்றி கோட்டைக்கு வந்ததும் முதலில் செய்தது, கிணற்றடியில் போய் உட்கார்ந்து ஒரு செம்பு நீரைக் கடகடவென்று குடித்தது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒன்பது நாள் அந்த நீரை மட்டுமே குடித்தாள். உணவு, அவள் தலைநகரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்த கேழ்வரகு மாவு. ஒன்பதாம் நாள் காலை, வடக்கு மதிலின் நூற்றெட்டுப் படியையும் நிற்காமல் ஏறி இறங்கினாள். நீரில் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு விளங்கியது. அப்படியானால் எதில் இருக்கிறது என்பது விளங்கவில்லை. இறங்கி வந்தபோது அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. நஞ்சு என்றால் மாற்று உண்டு. பெயர் தெரியாததற்கு எங்கே போய் மாற்றுத் தேடுவது?

அன்றுதான் கடம்பன் அவள் கண்ணில் பட்டான். காவல் மாடத்து வீரன். கோட்டையில் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அவன் மட்டும் படிகளில் இரண்டிரண்டாகத் தாவிப் போனான். மற்றவர்கள் அவனைப் பார்த்துப் பன்றி மாப்பிள்ளை, பன்றி மாப்பிள்ளை என்று கேலி செய்வதும், அவன் காது சிவக்க ஓடிவிடுவதும் கொற்றிக்கு விசித்திரமாகப் பட்டது. தனியே கூப்பிட்டுக் கேட்டாள். உதைத்தால்கூடச் சொல்லமாட்டேன் என்றவன், உன் காலைப் பற்றித்தான் கேட்கிறேன், காதலைப் பற்றி அல்ல என்று அவள் சொன்னதும் சிரித்துவிட்டான். ஏனத்தார் சேரியில் மூக்கி என்பவளின் மகளைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்கள் வீட்டுச் சட்டியில்தான் சோறு. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று எல்லாம் கொட்டினான்.

அதே கிணறு, அதே அரிசி, அதே காவல். வித்தியாசம் அந்தச் சட்டி ஒன்றுதான்.

கொற்றி நேரே சேரிக்குப் போனாள். ஏனத்தார் குடிக்கு மூத்தவள் மூக்கி, வந்தவள் யாரென்று தெரிந்தும் எழுந்திருக்காமல், கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமல், பன்றித் தொடையிலிருந்து கொழுப்பைச் சீவிக்கொண்டே பேசினாளாம். கொழுப்பு கோட்டைக்கு, சதை சேரிக்கு. அதுதானே, தாயே, உங்கள் ஊர்ச் சட்டம் என்றாளாம். கவண்பொறியின் அச்சுக்குக் கொழுப்பு வேண்டும், கயிற்றுக்கு வேண்டும், கவசத்தோலுக்கு வேண்டும், விளக்குக்கு வேண்டும். எல்லாவற்றையும் சீவி எடுத்துப் பானையில் அனுப்பிவிட்டு, உங்களுக்கு வேண்டாத வெறும் சதையைத் தின்கிறோம். அதைத் தின்று உயிரோடிருப்பது குற்றமென்றால் முன்னமே சொல்லியிருக்கலாமே, கொழுப்பை நாங்கள் வைத்துக்கொண்டு சதையை உங்களுக்கு அனுப்பியிருப்போமே என்றாளாம். கொற்றிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் அவள் பார்வை வேறொன்றில் நின்றுவிட்டது. தொட்டியில் பன்றிகள் முண்டியடித்துத் தின்றுகொண்டிருந்தது தவிடு. வெளேரென்ற, மாவு போன்ற, கோட்டையிலிருந்து வந்த தவிடு.

ஆனி மாதம் முதல் கோட்டையில் அரிசியை மும்முறை தீட்டுகிறார்கள். அதற்குமுன் வீரர்கள் உண்டது உலக்கையில் குத்திய சிவப்பரிசி. எல்லையில் உயிரைப் பணயம் வைப்பவர்க்கு அரண்மனைச் சோறு போல வெண்சோறு வேண்டும் என்று, நால்வர் முத்திரையும் பதித்த விண்ணப்பம் தலைநகருக்கு வந்தது. ஒப்புதல் முத்திரை வைத்தவர் பேரமைச்சரே. மல்லிகைப்பூப் போன்ற சோறு என்று வீரர்கள் மகிழ்ந்தார்கள். ஆவணி முடிவில் முதல் கால் வீங்கியது.

அரிசியின் மேலிருந்து உரித்தெடுத்த ஏதோ ஒன்று தவிடாகப் பன்றிக்குப் போயிற்று; பன்றியின் சதையில் தங்கிற்று; அந்தச் சதை சேரிக்குப் போயிற்று. கொற்றி அந்தத் தொட்டியருகே நின்றபடியே இதைக் கோத்துப் பார்த்தாள். கோத்தது சரியா என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது.

பழைய யானைக் கொட்டிலில் ஆறு நோயாளிகளைக் கிடத்தினாள். மூவருக்கு வெண்சோற்றுக் கஞ்சியோடு கொழுப்பு நீக்கிய பன்றிச்சதை. மூவருக்குக் கஞ்சி மட்டும். சதை கிடைத்தவர்களில் பெருந்தாடிக்காரன் ஒருவன் முதலில் மறுத்தான். தின்று செத்தால் என் குலதெய்வம் என்னை உள்ளே விடாது, தின்று பிழைத்தால் என் மனைவி உள்ளே விடமாட்டாள் என்று முனகினான். மூன்றாம் நாள் அவனே சட்டியை வழித்தான்.

கஞ்சி மட்டும் கிடைத்தவர்களில் வெளியன் என்றொருவன். இருபத்திரண்டு வயது. நான்காம் நாள் பிற்பகல், அந்தப் பக்கம் என்ன வாசனை அம்மா, நாளைக்கு எனக்கும் கொஞ்சம் வையுங்கள் என்று கொற்றியிடம் கேட்டான். வைக்கிறேன் என்றாள். அவனுக்கு நாளை வரவில்லை. தலைநகரில் பேரமைச்சர் முன்னால் வந்து நின்ற கொற்றி, வணக்கம் சொல்லுமுன் இதைத்தான் சொன்னாள். ஒரு துண்டு, கையெட்டும் தூரத்தில் இருந்தது, உண்மை தெரிய வேண்டுமென்று நான் கொடுக்கவில்லை என்றாள். மறுநாளே எஞ்சிய ஐவருக்கும் சதை கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள், முதலில் தின்ற மூவரும் கொட்டிலை விட்டுத் தாமாக நடந்து வெளியே வந்தார்கள்.

அந்த நடைதான் ஏனத்தார் கழுத்துக்கு வாளாயிற்று. நடந்து வந்தவர்களைக் கண்டதும் கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல், வைத்தவர்களே எடுத்துவிட்டார்கள், நஞ்சு வைத்த கைக்குத்தான் மாற்றுத் தெரியும் என்று கூவியது. அவ்வளவுதான். அன்று மாலைக்குள் மூக்கி, அவள் மகள், இன்னும் ஒன்பது பேர் விலங்கில். தொழுவங்களை உடைத்தார்கள், இருநூறு பன்றிகளும் முள்காட்டுக்குள் சிதறின. அமாவாசை உச்சிப்பொழுதில் வெட்டு என்று நீர் தீர்ப்பெழுதினீர், மழவரையரே. மருந்தைக் கண்டுபிடித்தவளுக்கு, அந்த மருந்தே சாட்சியாகிவிட்டதைப் பார்க்க நேர்ந்தது. அவள் குதிரையேறினாள்.

ஆனால் அவள் தலைநகருக்கு விரைந்ததற்கு அது மட்டும் காரணமல்ல. விலங்கு மாட்டும்போது மூக்கி அவள் காதோரம் ஒன்று சொல்லியிருந்தாள்.

ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏனத்தார் கொழுப்புப் பானையைச் சுமந்துவந்து எண்ணெய்க் கிடங்கின் பின்வாசலில் வைப்பார்கள். ஆனி மாதத்தில் ஒருநாள், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. இனி ஒவ்வொரு பானையிலும் கொழுப்புக்கு அடியில், முதுகெலும்பை ஒட்டிய சதைக்கீற்று இரண்டும் இருக்க வேண்டும்; வாய் திறந்தால் சேரி எரியும். அன்றிலிருந்து ஒரு பானை தவறாமல் போயிற்று. முகம் பார்த்தாயா என்று கொற்றி கேட்டாள். கிசுகிசுக்கிற குரலுக்கு என்ன முகமென்று நான் கண்டேன், தாயே. ஒன்று மட்டும் சொல்வேன், அது பசித்தவன் குரல் இல்லை என்றாள் மூக்கி.

ஆனி மாதம்! முதல் கால் வீங்கியது ஆவணியில். நோய் வருமுன்பே மருந்து கேட்டவன் ஒருவன் கோட்டைக்குள் இருக்கிறான்.

கொற்றிக்கு அப்போதுதான் ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. வடகரையிலிருந்து தப்பி வந்த கைதி ஒருவன், அங்கே சிறையில் அடிப்பதில்லை, மும்முறை தீட்டிய சோறு போட்டு நாலு மாதம் காத்திருப்பார்கள் என்று அவளிடம் சொன்னதுண்டு. குடிகாரன் உளறல் என்று அன்று விட்டுவிட்டாள்.

எண்ணெய்க் கிடங்குக்கு நான்கு சாவி. நான்கும் முன்வரிசையில் இருக்கும் நால்வர் இடுப்பில். நால்வரும் காலில் துணி சுற்றியவர்கள். நால்வரும் ஊன்றுகோல் பிடித்தவர்கள். துணியை அவிழ்த்துப் பார்த்தாலும் பயனில்லை. வீங்காமல் வற்றுகிற வகையும் உண்டு என்று நீரே எழுதினீர்.

இனி, படையினர் அனைவரும் செவிகொடுக்க. இது கொற்றியின் வாய்மொழி, வேந்தர் ஏற்றுக்கொண்டது.

கொழுப்பில் இந்த வலு இல்லை. அது எரியும், வழுக்கும், அவ்வளவே. வலு சதையில் இருக்கிறது. முதுகை ஒட்டிய சதையிலும் தொடைச் சதையிலும் நிறைய இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம் போதும். வெள்ளைக் கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு, மிளகு தட்டிப் போட்டு, மூடிய சட்டியில் வேகவிடவேண்டும். உள்ளே துளிச் சிவப்பும் இல்லாமல் வேக வேண்டும். அரைவேக்காட்டில் புழு உண்டு. வெந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. வலுவில் ஒரு பங்கு அந்த நீரில் இறங்கிவிடுகிறது, அதையும் குடிக்க. அது மரத்த காலுக்கு உணர்வைத் தரும். படபடக்கும் நெஞ்சை அடக்கும். குறைந்த இரத்தத்தை ஊட்டும். கரைந்த தசையை மீட்கும். தீட்டாத சிவப்பரிசி மீண்டும் உலைக்கு வரட்டும். பன்னிரண்டு நாளில் நடக்கலாம். பௌர்ணமிக்குப் பதினைந்து நாள் இருக்கிறது.

ஆனால் சதைக்கு எங்கே போவீர்கள்? முள்காட்டில் சிதறிய பன்றிகள் வேறு எவர் குரலுக்கும் வராது. மூக்கி கூப்பிட்டால் வரும். அவள் தலை உருண்டால், அதோடு இந்தக் கோட்டையும் உருளும். அதுவும் ஒருவனுக்குத் தெரிந்தே இருந்தது.

மழவரையரே, குற்றமற்ற பதினொரு பேரை வெட்ட உச்சிவெயிலில் நிறுத்தியவர் நீர். உம் கோட்டையில், உம் காலடியில், உம் முத்திரையின் கீழ் நூற்று நாற்பது பேர் மாண்டார்கள். இந்த நொடியோடு கருங்கணவாயின் தலைமை உம்மிடமிருந்து எடுக்கப்படுகிறது. தலைமையை ஏற்கும் புதியவர் முன்வரிசையிலேயே இருக்கிறார். அவர் பெயரை இப்போது இந்தக் களத்தில் அறிவித்தருள்பவர், ஏழு குன்றுக்கும் இறைவர், இடிமுரசுக்கு உரியவர், வேந்தர் வேந்தர், அடல்நாகப் பெருமான்!

கடைசி ஏடு

எழுந்தவர் எழுந்தபடியே நிற்க.

இந்த ஓலைக்குக் கடைசி ஏடுகள் ஐந்து. நால்வர் பெயரில் நான்கு. எவரும் எழாவிட்டால் வாசிக்க ஒன்று. ஐந்தும் கொற்றியின் இடுப்புப் பையில் இருந்தன. திருப்பெயரை வாசித்துவிட்டு அவள் ஓலையைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உருவிய ஏடு இது.

ஆகவே, ஆதனே, எழுந்தது நீ.

இருபக்கமும் பார். இந்த நோய் கண்டவன் குந்தினால், கையூன்றாமல், ஆள் தூக்கிவிடாமல் எழ முடியாது. கொட்டிலில் ஆறு பேரையும் கொற்றி அப்படித்தான் சோதித்தாள். வீக்கத்தை நடிக்கலாம், நடையை நடிக்கலாம். எழாமலிருக்கவும் நடிக்கலாம், சோதனை நடக்கிறதென்று முன்பே தெரிந்தால். மழவரையர் எழ முயன்று சரிந்திருப்பார். மற்ற இருவரும் அமர்ந்தபடியே கைகூப்பியிருப்பார்கள். நீயோ இரு கையையும் தலைமேல் கூப்பி, ஒரே உந்தில் நிமிர்ந்து நிற்கிறாய். உன் ஊன்றுகோல் எங்கே விழுந்தது என்று பார்த்துக்கொள்.

ஆசையும் உன்னை எழுப்பியிருக்கும், பழக்கமும் எழுப்பியிருக்கும். மூன்று வயதில் ஒருவர் மடியில் இருந்து அரச ஓலை கேட்டவன் நீ. அவர் உன் பிஞ்சுக்கைகளைப் பிடித்துத் தலைமேல் கூப்ப வைத்து, பெயர் ஒலித்தால் மனம் நினைக்குமுன் உடம்பு எழ வேண்டும் என்று சொல்லித் தந்தார். அன்று முதல் எந்த அவையிலும் முதலில் எழுபவன் நீயே. இந்த ஏடு எழுதியவருக்கு அது தெரியும்.

இரண்டு முறை இந்தக் கோட்டைத் தலைமை உனக்கு வந்தது. இரண்டு முறையும் பேரமைச்சர் தடுத்தார். ஏனென்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. உன்னை உன் தாயின் ஊர்ப்பெயரோடு எல்லைக்கு அனுப்பியவரும் அவரே. தலைநகர் தராததை வடகரையான் தருவதாகச் சொன்னான். ஏணியில்லாமல் அவன் வருவதற்கு நீ கதவாக ஒப்புக்கொண்டாய்.

படையினர் கேட்க. தலைமை மாறவில்லை. மழவரையரே தலைவர். மேலே அவரைச் சுட்ட வரிகளில் பதவி பறிப்பு பொய், கடிந்தது மெய். வேந்தர் சார்பில் முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கப்படுகிறது. இரண்டாவதற்கு அவர் மூக்கியிடம் மன்னிப்புக் கேட்க, இப்போதே, எல்லோர் முன்னும்.

பதினொருவர் கட்டையும் அவிழ்க்க. மூக்கி முள்காட்டின் விளிம்பில் நின்று தன் மந்தையைக் கூப்பிடுக; அவளுக்குக் காவலாகக் கடம்பன் செல்க. இன்று முதல் சதை கோட்டைக்கும் சேரிக்கும் பாதிப்பாதி, கொழுப்பு பொறிகளுக்கு. மும்முறை தீட்டும் ஆணை அழிந்தது. அதற்கு ஒப்புதல் முத்திரை வைத்த பேரமைச்சர் அந்தப் பதவியையும் பட்டங்களையும் இந்த ஓலை புறப்படுமுன் வேந்தர் காலடியில் வைத்துவிட்டார். வடக்கு வாசலின் சாவி கொற்றியின் கையில் தரப்படுக.

ஏனத்தார் மண்டியிட்ட இடத்தில் ஆதன் மண்டியிடுக. வாளை இறக்கவும் வேண்டாம், உறையில் போடவும் வேண்டாம் என்று முதல் வரியில் எழுதியது இந்த வரிக்காகவே. உச்சிவேளை தாண்டுவதற்குள் அது நிறைவேறுக. நான்கு பெயர்களில் எந்தப் பெயருக்கும் தண்டனை இதுவே. நான்கு ஏட்டிலும் ஒரு சொல்லும் கூடக்குறைய இல்லை. மூன்றை எழுத்தர் எழுதினார். இதை எழுத எழுத்தருக்குக் கை வரவில்லை. விளக்கை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மாற்றமில்லை. மேல்முறையீடில்லை. ஏழ்குன்றச் சிங்க முத்திரை அரக்கில் பதிந்தது.

இவை, ஆதன் தகப்பன் நற்சேந்தன் எழுத்து.